பேச்சிச்செல்வி பிணமாகப் படுத்த காலை

நான் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். ஆறுமுகநேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் பார்லர். ஞானதீபம் என்று பெயர் சொன்னால் ஆட்டோக்காரர்களே கொண்டுவந்து விடுவார்கள். இப்படிப்பட்ட நான் பிணத்துக்கு மேக்கப் போடப் போனது எப்படி என்று எங்கள் சபையில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்கிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்து இதைப் படியுங்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

எல்லாம் பேச்சி அக்காவால் வந்தது. நொச்சிவிளை பேச்சிச்செல்வி. உப்பளத்தில் உப்பு வாரி, தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிற வேலை. பிறந்தது உடன்குடியில், கருப்பட்டி வியாபாரி வீட்டில். கட்டிக்கொடுத்தது இந்தப் பக்கம். கல்யாணப் புடவை கசங்குமுன் உப்பளத்தில் இறங்கியவள் இன்னும் ஏறவில்லை. குரல் கொஞ்சம் பெரிது. பாத்தியின் இந்தக் கரையில் நின்று அவள் பேசினால் அந்தக் கரையில் கங்காணி குடையை மடக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். பஸ்ஸில் உப்புக்கூடையை ஏற்றக் கூடாது என்று சொன்ன கண்டக்டரிடம், "உம்ம வீட்டுக் குழம்புல உப்புப் போடாம தின்னுக் காட்டும், நான் நடந்தே போறேன்" என்று சொல்லி, வண்டியையே நிறுத்தி வைத்திருந்தவள்.

அவள் தெருவுக்குப் பின்னால்தான் மீன்மாவுக் கம்பெனி வந்தது. விலை போகாத மீனையும் கழிவையும் அவித்து, அரைத்து, கோழித் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள். அந்த நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது. துணி காயப் போட்டால் துணியில் இருக்கும், தலை முழுகினால் தலையில் இருக்கும். பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். நொச்சிவிளைப் பெண்ணுக்கு மேக்கப் போடப் போனால் எனக்கு சென்ட் செலவு தனி. தெருக் கிணறு ஒருகாலத்தில் இளநீர் போல இருக்குமாம். இப்போது மேலே எண்ணெய் மிதக்கிறது. முதலாளி தூத்துக்குடியில் ஏசி போட்டுத் தூங்குகிறார். அவர் மேனேஜர் சிவப்பிரகாஷ் கூட்டத்துக்குக் கூட்டம், "தண்ணி நல்லாத்தான் இருக்கு, டெஸ்ட் பண்ணியாச்சு" என்று சொல்வார். பொங்கலுக்கு வீட்டுக்கு ஒரு ரூம் ஸ்ப்ரே கொடுத்தார்கள். இதைவிட ஒரு கொழுப்பு உலகத்தில் உண்டா?

பேச்சி அக்கா அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் போனாள். வாசலில் சோதனை போட்ட போலீஸ் பெண் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். தீக்குளிக்க வந்தவள் என்று நினைத்துக் கையைப் பிடித்துவிட்டாள். "நெருப்பு வச்சுப் பாருங்கம்மா. எரிஞ்சா பெட்ரோலு, எரியலன்னா எங்க ஊர்த் தண்ணி" என்றாளாம் இவள். பாட்டில் அங்கேயே போய்விட்டது. பாட்டில் இல்லாமல் மனுவுக்கு என்ன மரியாதை? வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

இந்த நிலைமையில்தான் பிரைட்டன் வந்தான். சாத்தான்குளத்துக்காரன். அப்பா, அம்மா இரண்டு பேரும் டீச்சர். சென்னையில் சினிமா படித்துவிட்டு ஒரு கேமராவும் சில சிநேகிதர்களுமாக வந்து இறங்கினான். ஜாம்பிப் படம் எடுக்கப் போகிறானாம், அதுவும் சிரிப்புப் படம். கம்பெனிக் கழிவு மண்ணுக்குள் இறங்கி இடுகாடுவரை போய்விடுகிறது. நாற்றம் தாங்காமல் பிணங்கள் எழுந்துவிடுகின்றன. யாரையும் கடிப்பதில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு நல்ல தண்ணீர் தேடிப் போகின்றன. பழக்கதோஷத்தில் வரிசை போட்டு நிற்கின்றன. வரிசையில் இடம் பிடிக்கச் சண்டை போடுகின்றன. கடைசியில் முதலாளி பங்களா கேட்டுக்குப் போனால் செக்யூரிட்டி ஆதார் அட்டை கேட்கிறான்.

கதையைக் கேட்டுப் பேச்சி அக்கா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "ஏலே, செத்த பொறவும் கியூவால நிக்கணும்? நான் நடிக்கேன். முதப் பொணம் நான்தான், எழுதிக்கிடு" என்றாள்.

அவள் புருஷன் இசக்கியப்பன் அண்ணாச்சி அன்றைக்கே தடுத்துப் பார்த்தார். காரணம் இருக்கிறது. அவர் பனையிலிருந்து விழுந்து இடுப்பு போனவர். உட்கார்ந்து பார்க்கிற வேலை தவிர வேறு எதுவும் அவரால் முடியாது. அந்த வேலை அவருக்குக் கிடைத்தது இதே கம்பெனி கேட்டில், நைட் வாட்ச்மேனாக. கம்பெனியைக் கிண்டல் செய்கிற படத்தில் வாட்ச்மேன் பெண்டாட்டி நடித்தால் அவரை விட்டுவைப்பார்களா? "நடிக்கதுன்னா நடி. ஆனா உம் மூஞ்சி வெளிய தெரியக் கூடாது. தெரிஞ்சா நம்ம பொழப்பு போச்சு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவளும் சரி என்று தலையாட்டினாள். ஆட்டிவிட்டு, பிரைட்டனிடம் தன் போட்டோவைக் கொடுத்திருக்கிறாள், படத்தில் காட்டுகிற அஞ்சலி பிளக்ஸுக்காக. "பொணத்துக்கு மூஞ்சி இல்லாட்டி எவன்ளா அழுவான்?" என்று பிறகு என்னிடமே கேட்டாள்.

அடையாளம் தெரியாமல் மேக்கப் போட ஆள் வேண்டும் என்று என்னைப் பிடித்தார்கள். மைதா, முல்தானி மட்டி, கண்மை, விளக்கெண்ணெயில் குழைத்த குங்குமம், இவ்வளவுதான் என் சாமான். முகத்தை முடித்துவிட்டுக் காலுக்கு வந்தேன். உப்புத் தண்ணீர் தின்ற பாதம். வெடிப்புக்குள் வெடிப்பு. சதை வெளுத்துத் தோல் உரிந்து கிடந்தது. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அந்த நேரம் பார்த்துப் பிரைட்டன் எட்டிப் பார்த்து, "சூப்பர் அக்கா! கால எப்படிப் பண்ணுனீங்க?" என்றான்.

"நான் பண்ணலடா, மடையா" என்றேன்.

இப்போது பிளக்ஸ் கதைக்கு வருகிறேன். எங்கள் பக்கம் சாவைத் துஷ்டி என்போம். துஷ்டி பிளக்ஸ் என்றால் ஆர்டர் கொடுத்தவர் கடைக்கு வந்து வாங்கிப் போவதில்லை. துக்கத்தில் இருக்கிறவர்களை அலையவிடக் கூடாது என்று கடைக்காரரே பஸ் ஸ்டாண்டிலும் ஊர் முக்கிலும் கட்டிவிடுவார். படத்தைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டுவிடுவார். சென்னையில் இருந்து இருந்து பிரைட்டனுக்கு இது மறந்துபோயிற்று. ஆறுமுகநேரி அற்புதமணி அண்ணாச்சி கடைக்குப் போன் போட்டு, போட்டோவை அனுப்பி, "காலைல வேணும் அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். சினிமாவுக்கு என்று சொல்ல வேண்டாமா? அற்புதமணி அண்ணாச்சி பாவம், விடியும் முன்னே எழுந்து, முறைப்படி எல்லா இடத்திலும் கட்டி, ஸ்டேட்டஸும் போட்டுவிட்டார். 'கண்ணீர் அஞ்சலி' என்று கொட்டை எழுத்தில், நடுவில் பேச்சி அக்கா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு.

இது ஒன்றும் தெரியாமல் நாங்கள் அவள் வீட்டு வாசலில் ஷூட்டிங்குக்குத் தயாரானோம். சாமியானா போட்டாயிற்று. சிவப்பு நாற்காலி போட்டாயிற்று. வாடகைக்கு எடுத்த ஐஸ் பெட்டியில், கரண்டைப் பிடுங்கிவிட்டு, பேச்சி அக்காவைப் படுக்க வைத்தோம். மூச்சு விட மூடியின் ஓரத்தில் ஒரு குச்சியைச் செருகினேன். தெருப் பெண்கள் நாலைந்து பேர் ஏற்கனவே ஜாம்பி வேஷத்தில் குடத்தோடு நின்றார்கள். பிரைட்டன் "ஆக்சன்" என்றான்.

சொல்லி வைத்ததுபோல் தெருமுனையில் ஒரு வேன் வந்து நின்றது. "எம்மா, என்னப் பெத்த தாயீ" என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தது யாரென்று பார்த்தால், பேச்சி அக்காவின் மதினி சுடலைமாடத்தி, உடன்குடியிலிருந்து. பின்னால் அண்ணன், கையில் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை. பிரைட்டன் பயல் என்ன செய்தான் தெரியுமா? அசல் அழுகை கிடைத்துவிட்டது என்று கேமராவை நிறுத்தவே இல்லை. நான் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அதற்கும் நிறுத்தவில்லை.

மதினி ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள்.

"கருப்பட்டித் தண்ணி குடிச்சு வளந்தவளே, எந் தங்கமே,
கருவாட்டு நாத்தத்துல கண்ண மூடிட்டியே.
நல்ல தண்ணி நல்ல தண்ணின்னு நாயா அலைஞ்சியே, உனக்கு
நாக்க நனைக்க ஒரு செம்பு மொண்டுதர ஆளில்லையே."

வேஷம் போட்ட பெண்களும் அழுதார்கள். நானும் அழுதேன். பெட்டிக்குள் பிணமும் அழுதது. கண்மை கரைந்து மைதாவில் கோடு போட்டது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த பேச்சி அக்கா, முடியாமல் மூடியைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏ மதினி! உசுரோட இருக்கும்போது ஒருநாளாவது என்னைய இப்படித் தங்கம்னு சொல்லியிருக்கியா?"

மதினி அப்படியே சாய்ந்துவிட்டாள். அண்ணன் கோடிச் சேலையைப் போட்டுவிட்டு ஓடி வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஏசப்பா, அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் எனக்கு இடுப்பே பிடித்துக்கொண்டது. மதினிக்கு முகத்தில் தண்ணீர் தெளித்தால், தண்ணீர் நாற்றத்திலேயே எழுந்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் இருவரும் பேச்சி அக்காவை ஏசின ஏச்சை இங்கே எழுத முடியாது.

அவள் வாங்கிக் கட்டிக்கொண்டு, கோடிச் சேலையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நான் செத்தாலும் இதத்தான் பாடுவிய. செத்த பொறவு பாடி எனக்கு என்ன ஆவப்போவுது? இப்பயே எழுந்திரிச்சுக் கேட்டாத்தான் உண்டு" என்றாள். சிரிக்காமல் சொன்னாள்.

அடுத்தது இசக்கியப்பன் அண்ணாச்சி. நைட் டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்தவர், கையிலிருந்த தூக்குச்சட்டியைத் தெருவில் வீசிவிட்டு, சாமியானாக் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்து புரண்டார். "சாயங்காலம் சோறு கட்டிக் குடுத்தியேளா, விடியுறதுக்குள்ள என்ன விட்டுட்டுப் போயிட்டியே" என்று அவர் அழுததைக் கேட்டு எங்கள் ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இல்லை. ஷூட்டிங் உப்பளத்தில் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஊர் முக்கில் பிளக்ஸைப் பார்த்தால் மனுஷன் என்ன நினைப்பார்?

பேச்சி அக்கா அவர் முன்னால் போய் நின்றாள். நிமிர்ந்து பார்த்தவர் அலறவில்லை. அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். தரையில் பாவியிருக்கிறதா, பேயா, மனுஷியா என்று. அந்த வெடிப்பைத் தடவியதும் தெரிந்துவிட்டது. அவள் காலைக் கட்டிக்கொண்டு இன்னும் பலமாக அழுதார். பிறகுதான், "ஏ மூதேவி, உன்ன நானே கொன்னு போட்டிருவேன்" என்று கையை ஓங்கினார். ஓங்கின கை அப்படியே நின்றது.

"அய்யய்யோ. கம்பெனிக்குப் போன் போட்டுட்டேனே. பொஞ்சாதி செத்துட்டா, லீவு வேணும்னு சொல்லிட்டேனே. மேனேஜர் வாரேன்னாரு."

சொல்லி வாய் மூடவில்லை, ஜீப் தெருவுக்குள் திரும்பியது. அந்த ஜீப் நொச்சிவிளைத் தெருவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. எத்தனை மனு, எத்தனை கூட்டம், ஒன்றுக்கும் வராதது! சாவுக்குத்தான் வருவார்கள் போலிருக்கிறது.

"படுளா, படு" என்று அண்ணாச்சி அவளைத் தள்ளினார். "மாலையப் போட்டுட்டுப் போயிருவாரு. இந்தக் கேமராவப் பாத்தார்னா என் வேலை போச்சு. உங் காலுல விழுதேன்."

பேச்சி அக்கா எதற்கும் பணிகிறவள் இல்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் பெட்டிக்குள் போய்ப் படுத்தாள். நான் மூடியைச் சாத்தினேன். குடத்தோடு நின்றவர்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்தார்கள். பிரைட்டன் கேமரா மேல் ஒரு துண்டைப் போட்டான். லென்ஸை மட்டும் மறைக்கவில்லை, களவாணி.

மேனேஜர் சிவப்பிரகாஷ் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார். பெரிய ரோஜா மாலை. பெட்டிமேல் வைத்துவிட்டு, உள்ளே பார்த்தும் பார்க்காமலும் கும்பிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். மதினி சமயம் அறிந்தவள், ஒரு அழுகையை எடுத்துவிட்டாள்.

"எப்படி ஆச்சு இசக்கியப்பன்?"

"அது... வந்து... நெஞ்சு வலி சார்."

"நல்லது" என்றார் அந்த மனுஷன். நான் பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன். "அதையே சொல்லு. யார் வந்து கேட்டாலும் ஹார்ட் அட்டாக். தண்ணி, காத்துன்னு எவனாவது கிளப்பிவிட்டா நீ வாயைத் திறக்கக் கூடாது. அடுத்த மாசம் கருத்துக் கேட்புக் கூட்டம் வருது. புது யூனிட் வரட்டும், உன்னை பெர்மனென்ட் பண்ணச் சொல்றேன்."

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துஷ்டி வீட்டுக்கு வந்தவருக்குக் கடுங்காப்பி கொடுப்பது எங்கள் முறை. யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை, ஒரு வாயாவது குடித்துவிட்டு வைப்பார்கள். ஒரு டம்ளரைக் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டினேன். அவர் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கையை அசைத்து வேண்டாம் என்றுவிட்டு, டிரைவரிடம் ஜீப்பிலிருந்து பாட்டில் எடுத்துவரச் சொன்னார்.

பெட்டியின் மூடி திறந்தது.

ரோஜா மாலை சரிந்து அவள் கழுத்திலேயே விழுந்தது. அதோடு எழுந்து நின்றாள். மேனேஜர் பின்னால் சாய்ந்து, நாற்காலியோடு சேர்ந்து விழுந்தார். யாரும் தூக்கிவிடவில்லை. பேச்சி அக்கா பெட்டியை விட்டு இறங்கி, என் கையிலிருந்த டம்ளரை வாங்கி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"நெஞ்சு வலில செத்தவ தாரேன், குடிங்க சார். எங்க தெருக் கிணத்துத் தண்ணில போட்ட காப்பி. நல்லாத்தான் இருக்கு, டெஸ்ட் பண்ணியாச்சுன்னு நீங்கதான சொன்னிய?"

"என்ன விளையாட்டு இது? எடு அந்தப் பக்கம்!"

"ஒரு வாய் குடிங்க. நாங்க போயிருதோம்."

"அதை மனுசன் குடிப்பானா?" என்று கத்திவிட்டார்.

குடத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள் முக்காட்டை எடுத்துவிட்டு எழுந்து வரிசையில் நின்றார்கள், வெள்ளை வெள்ளை முகத்தோடு. அப்போது பிரைட்டன் துண்டை எடுத்துவிட்டு, "சவுண்டு தெளிவா இருக்கு பேச்சி பெரியம்மா" என்றான்.

கேமராவைப் பார்த்ததும் மேனேஜர் முகம் மாறியது. சட்டை மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். நேரே அண்ணாச்சியிடம் போனார். "இப்பவே என் கண் முன்னாடி இதை டெலிட் பண்ணச் சொல்லு. இல்லேன்னா நாளைலேருந்து கேட் பக்கம் வராத. நான் மட்டும் இல்ல, இந்த ஏரியாவுல எந்தக் கம்பெனியும் உன்னைச் சேர்க்காது."

பேச்சி அக்கா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். புருஷனிடம் திரும்பி, "என் வேலையா இருந்தா இன்னேரம் தூக்கி எறிஞ்சிருப்பேன். இது உங்க வேலை. இடுப்பொடிஞ்சு கெடந்து தேடுன வேலை. நீங்க அழிக்கச் சொன்னா அழிக்கச் சொல்லுதேன். உங்கமேல எனக்கு வருத்தம் இல்ல" என்றாள்.

அண்ணாச்சி மேனேஜரைப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்க்கவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவள் கையிலிருந்து வாங்கினார். ஒரே மூச்சில் குடித்து, அடியில் நின்ற மண்டியைக் கீழே ஊற்றினார்.

"இதத்தான் சார் தினமும் குடிச்சுட்டு உங்க கேட்டுக்குக் காவல் இருந்தேன்" என்றார். "நாங்க மனுசங்கதான?"

அண்ணாச்சி என் மேக்கப் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். "ஏளா ஞானதீபம், எனக்கும் பூசு" என்றார்.

மைதாவைப் பூசினேன். கண்ணுக்குக் கீழே மை வைத்தேன். காக்கிச் சட்டையைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் அண்ணாச்சி என்றேன். எழுந்து வரிசையின் கடைசியில் போய் நின்றார். மதினி வேகமாக ஒரு குடத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். வேனுக்குப் பக்கத்தில் நின்ற அண்ணனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மேனேஜர் ஜீப்பில் ஏறி ஹாரன் அடித்தார். தெரு குறுகல். நடுவில் வரிசை. அண்ணாச்சிக்கு நடிப்பெல்லாம் வராது. குடத்தை இடுப்பில் வைப்பதா, தோளில் வைப்பதா என்றே தெரியாமல் முழித்தார்.

"ஏளா, பொணம் எப்படி நடக்கும்? எனக்குத் தெரியாதே" என்றார்.

முன்னால் நின்ற பேச்சி அக்கா திரும்பிப் பார்த்தாள். "நைட் டூட்டி முடிஞ்சு வீட்டுக்கு வருவியல்லா, அப்படியே நடங்க. போதும்" என்றாள்.

அவர் அப்படியே நடந்தார். நாங்கள் யாரும் ஜீப்புக்கு வழி விடவில்லை.